அத்தியாயம் 9: காலையில் போய் இரவில் திரும்பும் லண்டன்

இங்கிலாந்தில் முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஒரே வருடம். செப்டம்பரில் வந்து இறங்கி, அறை தேடி, வங்கிக் கணக்கு திறந்து, பகுதிநேர வேலை ஒன்றைப் பிடித்து நிமிர்வதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும். அதன் பிறகு அசைன்மென்ட், தேர்வு, ஆய்வறிக்கை. கோவென்ட்ரியிலும் லெஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் படித்துவிட்டு ஊர் திரும்பும் நம் பிள்ளைகளில் பலர் லண்டன் என்று பார்த்தது ஹீத்ரோ விமான நிலையத்தை மட்டும்தான். "அடுத்த மாசம் போலாம்" என்று தள்ளித் தள்ளியே வருடம் முடிந்துபோகிறது.

தள்ளிப்போடுவதற்குக் காரணம் இரண்டு. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கும் மேலே இருக்கும்போது, எதை வாங்கினாலும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் முதல் காரணம். லண்டன் என்றால் குறைந்தது மூன்று நாள் வேண்டும், தங்க இடம் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டாவது. இந்த அத்தியாயத்தில் சொல்லும் பயணத்தில் தங்கல் கிடையாது, எங்கேயும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ரயில் டிக்கெட்டைத் தள்ளிவிட்டால், சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் சேர்த்து 30 பவுண்டுக்குள் முடித்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டன் டவர், லண்டன் ஐ, மேடம் துசோவின் மெழுகுச் சிலைகள் எதுவும் இந்த வழியில் வராது. ஒரு நாளில் பன்னிரண்டு இடம் என்று பட்டியல் போட்டுப் போகிறவர்கள் பாதி நேரத்தைப் பாதாள ரயிலுக்குள்ளும் மீதி நேரத்தை வரிசையிலும் கழிக்கிறார்கள். ஒரே ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் நடந்தே போய், பார்ப்பதை நின்று பாருங்கள். விட்டுப்போனவை எல்லாம் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

எந்த நாளில் போவது

வகுப்பு இல்லாத வெள்ளிக்கிழமை கிடைத்தால் அதை விடாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியம் மற்ற நாட்களில் மாலை 5 மணிக்கு மூடும், வெள்ளியன்று இரவு 8.30 வரை திறந்திருக்கும். நேஷனல் கேலரி வெள்ளியன்று இரவு 9 வரை. வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போகும் வேலை மட்டும் வேண்டாம். மாணவர் விசாவில் இருப்பவரின் வருகையைப் பல்கலைக்கழகம் கண்காணிக்கிறது, ஒரு நாள் ஊர்சுற்றலுக்காக அதில் கறை விழக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சிக்கல் உண்டு. தண்டவாளப் பராமரிப்பு வேலைகளை ஞாயிறுகளிலும் நீண்ட விடுமுறை வார இறுதிகளிலும்தான் வைத்துக்கொள்வார்கள். பாதி வழியில் இறக்கி, பேருந்தில் ஏற்றி, ஒன்றரை மணிநேரப் பயணத்தை மூன்று மணிநேரம் ஆக்கிவிடுவார்கள். டிக்கெட் எடுக்கும் முன் நேஷனல் ரெயில் தளத்தில் அந்தத் தேதியைப் போட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் அன்று ரயிலே ஓடாது.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நடந்து பார்க்கும் பயணம் என்பதால் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை உள்ள நாட்களே நல்லவை. குளிர்காலத்தில்தான் போக முடியும் என்றால் ஆற்றங்கரை நடையைக் காலையில் வைத்துக்கொண்டு, மியூசியத்தை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் என்னும் பெரும்பங்குச் செலவு

இந்தப் பயணத்தின் செலவில் பெரும்பங்கு ரயில் டிக்கெட்டுக்குத்தான் போகும். அதனால் மற்ற எல்லாவற்றையும்விட இதில் அதிக நேரம் செலவழியுங்கள்.

முதல் வேலை, 16-25 ரெயில்கார்டு. டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம், 26 வயதைத் தாண்டியவர்களும் முழுநேர மாணவராக இருந்தால் பல்கலைக்கழக அத்தாட்சியுடன் இதை வாங்கலாம். நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர்கள் இது தெரியாமலே முழுக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் இதன் விலை 30 பவுண்டிலிருந்து 35 பவுண்டாக உயர்ந்தது. இரண்டு மூன்று பயணத்தில் போட்ட காசு திரும்பிவிடும். வார நாட்களில் காலை 10 மணிக்கு முன் கிளம்பினால் சில டிக்கெட்டுகளுக்கு 12 பவுண்டு குறைந்தபட்சக் கட்டணம் என்ற விதி உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அது கிடையாது.

அடுத்து, டிக்கெட் வகை. அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். தவறவிட்டால் புது டிக்கெட்தான். ஆஃப்-பீக் டிக்கெட் கொஞ்சம் கூடுதல், நெரிசல் நேரம் தவிர எந்த ரயிலிலும் ஏறலாம். என் யோசனை இது: போகும்போது அட்வான்ஸ், வரும்போது கட்டுப்பாடு இல்லாத டிக்கெட். காலையில் நம் அறையிலிருந்து கிளம்புவது நம் கையில் இருக்கிறது. மாலையில் லண்டனிலிருந்து கிளம்புவது அப்படி இல்லை. 8.10 ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற படபடப்பு 5 மணிக்கே தொடங்கி, அன்றைய மாலையைத் தின்றுவிடும். வார நாட்களில் லண்டனிலிருந்து மாலை நெரிசல் நேரத்தில் கிளம்ப ஆஃப்-பீக் டிக்கெட்டுக்கும் தடை இருக்கலாம். வாங்கும்போதே அந்த நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கோவென்ட்ரியிலிருந்து லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கு அவந்தி கம்பெனி ரயில் ஒரு மணிநேரத்தில் போய்விடும். லண்டன் நார்த்வெஸ்டர்ன் ரயில் நின்று நின்று போகும், டிக்கெட்டும் மலிவு. ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டே போக அந்தக் கூடுதல் நேரம் உதவும். ஒன்று மட்டும் கவனம். நார்த்வெஸ்டர்னுக்கு மட்டும் என்று அச்சிட்ட டிக்கெட்டுடன் அவந்தியில் ஏறினால் அந்த டிக்கெட் செல்லாது. அபராதம் விதித்தால் 100 பவுண்டு, அதன்மேல் ஒருவழிக் கட்டணம். 21 நாளுக்குள் கட்டினால் பாதி. வேண்டுமென்றே ஏமாற்றியதாகக் கருதினால் வழக்கே போடலாம், குற்றத் தீர்ப்பு வந்தால் பின்னாளில் விசா விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். ரெயில்கார்டு கைபேசியில் இருக்கிறது, சார்ஜ் தீர்ந்துவிட்டது என்ற பேச்சும் எடுபடாது. பவர் பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கோச் பேருந்து ரயிலைவிட மலிவு, சில நாட்களில் பாதி விலைக்கும் கிடைக்கும். ஆனால் விக்டோரியா கோச் நிலையத்தை எட்டும் முன் லண்டன் நெரிசலில் எவ்வளவு நேரம் ஊர்ந்து கிடக்க வேண்டியிருக்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. ஒரே பகல்தான் கையில் இருக்கிறது என்பதால் காசு நிஜமாகவே முட்டினால் தவிர ரயிலையே சொல்வேன்.

யூஸ்டனில் இறங்கியதும்

யூஸ்டன், செயின்ட் பான்கிராஸ், கிங்ஸ் கிராஸ் மூன்று பெரிய நிலையங்களும் யூஸ்டன் ரோடு என்ற ஒரே சாலையில் வரிசையாக நிற்கின்றன. பர்மிங்ஹாம், கோவென்ட்ரி, மான்செஸ்டர் மாணவர்கள் யூஸ்டனில் இறங்குவார்கள். லெஸ்டர், நாட்டிங்ஹாம், ஷெஃபீல்டுக்குச் செயின்ட் பான்கிராஸ். லீட்ஸ், யார்க், நியூகாசிலுக்குக் கிங்ஸ் கிராஸ். எதில் இறங்கினாலும் இந்த அத்தியாயத்தின் வழி பொருந்தும்.

ஏன் மூன்றும் ஒரே வரிசை? 1837-இல் யூஸ்டன் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ரயில் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு நகருக்குள் தண்டவாளம் போட அனுமதி கேட்டன. 1846-இல் ஓர் அரச விசாரணைக் குழு கூடி, வடக்கிலிருந்து வரும் ரயில்கள் இந்தச் சாலையைத் தாண்டி மைய நகருக்குள் வரக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதனால் 1852-இல் கிங்ஸ் கிராஸும் 1868-இல் செயின்ட் பான்கிராஸும் இந்தச் சாலையின் வடக்கு ஓரத்திலேயே நின்றுவிட்டன. இறங்கிய கூட்டத்தை நகருக்குள் கொண்டுபோக வழி வேண்டுமே. அதற்காகத்தான் இந்தச் சாலையின் அடியில் பள்ளம் தோண்டி, 1863 ஜனவரி 10-ஆம் தேதி உலகின் முதல் பாதாள ரயிலை ஓடவிட்டார்கள். பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை, நீராவி இஞ்சினோடு. இரவு திரும்பும்போது அந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் வரப்போகிறீர்கள்.

நிலையக் கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டுக் கிளம்புங்கள். முன்பு காசு வாங்கினார்கள், 2019 முதல் நெட்வொர்க் ரெயில் நடத்தும் நிலையங்களில் இலவசம். பெரிய பை வேண்டாம், நிலையத்தில் பையை வைத்துவிட்டுப் போகக் கட்டணம் அதிகம், மியூசியத்தில் சக்கரப் பெட்டியை உள்ளே விட மாட்டார்கள். தண்ணீர் பாட்டில், தலையை மூடும் மழைக் கோட்டு, மாணவர் அடையாள அட்டை போதும். பாஸ்போர்ட் அறையிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

காந்தி உட்கார்ந்திருக்கும் சதுக்கம்

யூஸ்டன் ரோட்டைக் கடந்து அப்பர் வோபர்ன் பிளேஸில் தெற்காக நடந்தால் சில நிமிடத்தில் டாவிஸ்டாக் சதுக்கம். பூங்காவின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார் காந்தி. ஃபிரெடா பிரில்லியன்ட் செய்த சிலை, 1968-இல் திறந்தது. அருகிலேயே ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்காக 1967-இல் நட்ட செர்ரி மரம். போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்களுக்காக 1994-இல் வைத்த கல். 2005 ஜூலை 7 அன்று பேருந்துக் குண்டு வெடித்ததும் இந்தச் சதுக்கத்தின் ஓரத்தில்தான்.

காலை உணவைப் பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தால் பிரித்துச் சாப்பிட இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. காந்தி 1888-இல் சட்டம் படிக்க இந்த ஊருக்கு வந்தார். சைவச் சாப்பாடு கிடைக்காமல் அரை வயிறாகக் கிடந்து, தேடி அலைந்து ஃபாரிங்டன் ஸ்ட்ரீட்டில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். பஸ் காசு முதல் தபால் தலை வரை ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். பிறகு வண்டிச் சத்தத்தை மிச்சம் பிடிக்க, போக வேண்டிய இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்து போகும்படி அறையை மாற்றிக்கொண்டு, நாளுக்கு எட்டுப் பத்து மைல் நடந்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இங்கே வந்து படிக்கும் எந்த மாணவருக்கும் அந்தப் பக்கங்கள் தன் கணக்கு நோட்டைப் படிப்பது போலவே இருக்கும்.

இன்னும் கொஞ்சம் தெற்கே ரஸ்ஸல் சதுக்கம். அதன் வடமேற்கு மூலையில் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விக்கான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, சுருக்கமாக சோஆஸ். அதன் வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. மியூசியத்துக்குப் போகும் வழியிலேயே இருப்பதால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் தெரியாமலே பக்கத்துத் தெருவில் கடந்து போகிறார்கள்.

பின்வாசல் வழியே மியூசியம்

பிரிட்டிஷ் மியூசியம் 1753-இல் நிறுவப்பட்டு 1759-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. நுழைவு இலவசம். நேரம் குறித்த இலவச டிக்கெட்டை முன்பே எடுத்துக்கொண்டால் வரிசையில் நிற்பது குறையும். எல்லோரும் கிரேட் ரஸ்ஸல் ஸ்ட்ரீட்டில் உள்ள தூண்கள் நிறைந்த முன்வாசலுக்குப் போவார்கள். நீங்கள் ரஸ்ஸல் சதுக்கத்திலிருந்து மான்டேக் பிளேஸ் தெருவுக்குள் திரும்பிப் பின்வாசலுக்குப் போங்கள். கூட்டம் பெரும்பாலும் குறைவு, பையைச் சோதித்து உடனே விட்டுவிடுவார்கள். ஏதாவது காரணத்தால் மூடியிருந்தால் முன்பக்கம் சுற்றி நடக்கச் சில நிமிடம்தான்.

பின்வாசலைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. நாம் பார்க்க வேண்டிய 33-ஆம் அறை அந்தப் பக்கம்தான். நீளமான கூடம், ஒரு பாதி சீனம், மறுபாதி தெற்காசியா. தெற்காசியப் பகுதியில் சோழர் கால நடராசர் இருக்கிறார். சுமார் 1100-ஆம் ஆண்டு, தமிழ்நாட்டில் வார்த்த செம்பு வேலை. கோயிலில் நாம் பார்க்கும் நடராசர் பட்டும் மாலையும் சாத்தி, தீபாராதனை வெளிச்சத்தில், பத்தடி தள்ளி இருப்பவர். இங்கே ஆடை அலங்காரம் எதுவுமில்லாமல் ஒரு கை தூரத்தில் நிற்கிறார். மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் வார்த்தது. தூக்கிய காலின் பெருவிரலையும், காலடியில் முயலகனின் முகத்தையும், இரண்டு பக்கமும் பறக்கும் சடையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பக்கவாட்டில் நின்று முதுகுப் பக்கத்தையும் பாருங்கள், கோயிலில் அது நமக்குக் கிடைக்காத காட்சி. இவர் இங்கே இருக்கலாமா என்ற கேள்வி மனசில் எழும். எழ வேண்டும். அந்தக் கேள்வியோடு பார்ப்பதுதான் நேர்மையான பார்வை.

கூடத்தின் ஒரு கோடியில் கண்ணாடிக்குப் பின்னால் அமராவதிச் சிற்பங்கள், 33ஏ அறை. ஆந்திரத்தின் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் பலகைகள். 1845-இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார், அங்கிருந்து ஒரு பகுதி 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறியது. மீதி பலகைகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எழும்பூர் போனவர்கள் அவற்றின் முன்னால் நின்றிருப்பார்கள். ஒரே கட்டடத்தின் இரண்டு பாதியையும் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது.

இதற்குப் பிறகு ரொசெட்டா கல் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். 4-ஆம் அறையில் எப்போதும் கூட்டமாக இருக்கும். எகிப்திய ஓவிய எழுத்து, எகிப்திய மக்கள் எழுத்து, கிரேக்கம் என்று ஒரே ஆணையை மூன்று எழுத்தில் வெட்டியதால்தான் மறந்துபோன எகிப்திய எழுத்தைப் படிக்க முடிந்தது. எகிப்திய மம்மிகளுக்கு மாடி ஏறினால் இன்னும் ஒரு மணிநேரம் போகும், கால் வலியும் அங்கேதான் தொடங்கும். இரண்டு மணிநேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மதியச் சாப்பாடு

மியூசியத்திலிருந்து மேற்கே கால்மணி நேர நடையில் ஃபிட்ஸ்ராய் சதுக்கம். அங்கே இந்தியன் ஒய்எம்சிஏ மாணவர் விடுதி இருக்கிறது. இந்த அமைப்பை 1920-இல் தொடங்கியவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். படிக்க வந்த இந்திய மாணவர்களுக்குத் தங்க இடமும் வாய்க்கு ருசியான சோறும் வேண்டும் என்று தொடங்கியது இன்றும் நடக்கிறது. விடுதியின் உணவுக்கூடத்தில் வெளியாட்களும் சாப்பிடலாம். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, சோறு, பருப்பு, கறி என்று வேண்டியதைக் காட்டி வாங்கும் முறை. மதிய நேரம் முடிந்தால் மூடிவிடுவார்கள், நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் எந்த டெஸ்கோவிலும் செயின்ஸ்பரியிலும் மீல் டீல் உண்டு. சாண்ட்விச், சிப்ஸ், பானம் மூன்றும் சேர்த்து ஒரே விலை. சைவம் சாப்பிடுபவர்கள் சைவக் குறியை மட்டும் நம்பாமல் பொருள் பட்டியலையும் படியுங்கள். மியூசியத்தைச் சுற்றியுள்ள கடைகளில் உட்கார்ந்து சாப்பிட்டால் விலை எகிறிவிடும்.

24-ஆம் எண் பேருந்தின் மேல்தளம்

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடுக்கு வந்து தெற்கே போகும் 24-ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். மேல்தளத்தில் முன் இருக்கை கிடைத்தால் சுற்றுலாப் பேருந்துக்குப் பல மடங்கு கொடுத்தவர்கள் பார்ப்பதை நீங்கள் 1.75 பவுண்டில் பார்க்கலாம். இது 2025-ஆம் ஆண்டுக் கட்டணம். முதல் முறை அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணிநேரத்துக்குள் வேறு பேருந்துகளில் எத்தனை முறை ஏறினாலும் மறுபடி காசு கிடையாது.

பேருந்தில் ரொக்கம் வாங்குவதை 2014-இலேயே நிறுத்திவிட்டார்கள். கான்டாக்ட்லெஸ் அட்டைதான். இந்திய வங்கி அட்டைக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் தனியாகப் பிடிக்கலாம் என்பதால் இங்கே திறந்த கணக்கின் அட்டையைப் பயன்படுத்துங்கள். பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். பாதாள ரயிலில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தொட வேண்டும். வெளியே வரும்போது தொடாவிட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். ஒரு நாளுக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு, அது ஒரே அட்டைக்குத்தான். காலையில் கைபேசியும் மாலையில் பிளாஸ்டிக் அட்டையும் காட்டினால் வங்கிக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் இயந்திரத்துக்கு இருவேறு பயணிகள்.

பேருந்து சேரிங் கிராஸ் ரோட்டின் புத்தகக் கடைகளைக் கடந்து டிரஃபால்கர் சதுக்கத்துக்கு வரும். இறங்கி நேஷனல் கேலரிக்குள் போங்கள், இதுவும் இலவசம். ஐரோப்பிய ஓவியம் பழக்கமில்லாதவர்கள் மூன்று படத்தைப் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். வான்கோவின் சூரியகாந்திப் பூக்கள், காந்தி லண்டனுக்கு வந்த அதே 1888-இல் வரைந்தது. லியனார்டோ டாவின்சியின் பாறைகளிடையே கன்னிமரி. மூன்றாவது, 1434-இல் யான் வான் ஐக் வரைந்த ஆர்னொல்ஃபினி தம்பதி. இது சின்னப் படம், தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது. கிட்டப்போய், கணவன் மனைவிக்கு நடுவே பின்சுவரில் தொங்கும் குவிந்த கண்ணாடியைப் பாருங்கள். அதற்குள் அந்த இருவரின் முதுகும், அவர்களுக்கு எதிரே வாசலில் நிற்கும் வேறு இருவரும் தெரிவார்கள். எந்த அறையில் எது என்று ஊழியர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஆற்றைக் கடந்து

வைட்ஹால் வழியே கால்மணி நேரம் நடந்தால் நாடாளுமன்றம். மணிக்கூண்டின் பெயர் 2012 முதல் எலிசபெத் டவர், பிக் பென் என்பது உள்ளே தொங்கும் பெரிய மணி. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் இரண்டு எச்சரிக்கை. மூன்று கிண்ணத்தைக் கவிழ்த்து, பந்து எதற்குள் என்று பந்தயம் கட்டச் சொல்லும் கூட்டம் அங்கே நிற்கும். ஐம்பது பவுண்டு ஜெயித்து ஆரவாரம் செய்கிறவரும் அவர்கள் ஆள்தான். நிற்காமல் போய்விடுங்கள். அடுத்தது கைபேசி. சைக்கிளிலும் மின்வண்டியிலும் உரசிப் போய்க் கையிலிருந்து பிடுங்குவது மத்திய லண்டனில் சாதாரணமாகிவிட்டது. வழி பார்க்க வேண்டுமானால் சாலை ஓரத்தில் நிற்காமல் ஒரு கடை வாசலுக்குள் ஒதுங்கிக் கட்டடத்தைப் பார்த்தபடி திரும்பி நின்று பாருங்கள். டிக்கெட், ரெயில்கார்டு, வங்கி எல்லாம் அதில்தான் என்பதை மறக்க வேண்டாம். ரயிலிலோ நிலையத்திலோ யாராவது தொந்தரவு செய்தால் ரயில்வே போலீஸுக்கு 61016 என்ற எண்ணில் குறுஞ்செய்தி அனுப்பலாம். பெண்கள் இந்த எண்ணை முன்பே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பி ஆற்றோரமாக நடந்தால் வாட்டர்லூ பாலம். அதன் அடியில் பழைய புத்தகக்காரர்கள் மேசை போட்டிருப்பார்கள். படியேறிப் பாலத்தின் நடுவுக்குப் போங்கள். தேம்ஸ் இந்த இடத்தில் வளைவதால் ஒரு பக்கம் நாடாளுமன்றமும் மறுபக்கம் செயின்ட் பால் தேவாலயமும் தெரியும். காசு கொடுத்து ஏறும் உயரங்களைவிட இதைத்தான் நான் மேலாகச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனையில் இருந்த காலத்தில் பெண்களின் உழைப்பில் பெரிதும் எழுந்த பாலம் இது.

இரவுச் சாப்பாட்டுக்கு ஈஸ்ட் ஹாம்

பாலத்தின் வடகரையில் இறங்கி எம்பாங்க்மென்ட் நிலையத்தில் பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் லைனில் கிழக்கே போகும் ரயிலைப் பிடித்தால் மாறாமல் ஈஸ்ட் ஹாம் போகலாம், அரைமணி நேரத்துக்குச் சற்று மேல். எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் அவசரமாக நடப்பவர்களுக்கு.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நார்த். தோசைக் கடை, கொத்து ரொட்டிக் கடை, நகைக் கடை, சேலைக் கடை, பலகைகளில் தமிழ். தமிழ்நாட்டுக்காரரும் ஈழத்தமிழரும் மலையாளிகளும் நடத்தும் கடைகள் அடுத்தடுத்து இருக்கும். அதே தெருவில் மகாலட்சுமி கோயில், இன்னும் சற்று நடந்தால் மேனர் பார்க் பக்கம் முருகன் கோயில். கடைக்காரரை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். பல மாதம் ஆங்கிலத்திலேயே புழங்கிய நாக்குக்கு அது பெரிய ஓய்வு. பகுதிநேர வேலை, அறை, ஊருக்குப் பார்சல் அனுப்புவது பற்றி அவர்கள் சொல்லும் தகவல் உபயோகமானது. ஆனால் பணம் கைமாறும் எதையும் அன்றே முடிவு செய்ய வேண்டாம்.

மளிகை வாங்குவதானால் கனமில்லாததாக வாங்குங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், பெருங்காயம், அப்பளம், சாம்பார் பொடி. இட்லி அரிசி மூட்டை மலிவாகத் தெரியும், யூஸ்டன் படிக்கட்டில் அதன் கனம் தெரியும்.

திரும்பும்போது ஈஸ்ட் ஹாமில் மேற்கே போகும் பிளாட்ஃபாரத்தில் டிஸ்ட்ரிக்ட் ரயிலும் இளஞ்சிவப்பு நிற ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலும் மாறி மாறி வரும். முதலில் வந்ததில் ஏறிவிடாதீர்கள். அறிவிப்புப் பலகையில் ஹேமர்ஸ்மித் என்று வருவதில் ஏறினால் கிங்ஸ் கிராஸ், அடுத்து யூஸ்டன் ஸ்கொயர். லெஸ்டர், லீட்ஸ்காரர்கள் முதலாவதிலும் கோவென்ட்ரி, பர்மிங்ஹாம்காரர்கள் இரண்டாவதிலும் இறங்கலாம். ஃபாரிங்டனைத் தாண்டியதும் காலையில் சொன்ன 1863-ஆம் ஆண்டுச் சுரங்கம்.

உங்கள் ரயிலுக்கு ஒன்றரை மணிநேரம் முன்பே ஈஸ்ட் ஹாமை விட்டுக் கிளம்புங்கள். யூஸ்டன் ஸ்கொயரிலிருந்து யூஸ்டனுக்கு ஐந்து நிமிட நடை. யூஸ்டனில் பிளாட்ஃபாரம் எண்ணைக் கடைசி நேரத்தில்தான் பலகையில் போடுவார்கள், போட்டதும் கூட்டம் மொத்தமும் ஓடும். பலகை தெரியும் இடத்தில், வாயிலுக்குப் பக்கமாக நின்றால் இருக்கை கிடைக்கும். கடைசி ரயிலுக்கு என்று திட்டம் போடாதீர்கள், அதற்கு முந்தைய ரயில்தான் உங்களுடையது. கடைசி ரயில் ரத்தானால் போக்கிடம் இருக்காது.

ரயில் தாமதமானால் டிக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கம்பெனியைப் பொறுத்து 15 நிமிடமோ 30 நிமிடமோ தாமதமானாலே டிலே ரிப்பே என்ற பெயரில் பணம் திரும்பக் கிடைக்கும். தாமதம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தொகை. ரயில் கம்பெனியின் தளத்தில் டிக்கெட் படத்துடன் 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மறுநாள் காலையில் வங்கிக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். பாதாள ரயிலில் எங்காவது வெளியே வரும்போது அட்டையைத் தொட விட்டுப்போயிருந்தால் லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் கணக்கு திறந்து, இறங்கிய நிலையத்தைச் சொல்லிக் கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம்.